ஐரோப்பிய பில்லில் ‘குவோத்தா’ என்றால் விகிதமா, தொகையா, தவணையா? கண்டுபிடிக்க எளிய வழி

கோட்டா, ரேட், ரேஷன், பர்சென்ட். நாலும் லத்தீனில் பிறந்து ஆங்கிலம் வழியாகத் தமிழில் குடியேறியவை. அதனாலேயே இத்தாலிய, ஸ்பானிய, ஜெர்மன் படிவங்களில் இவற்றின் உறவுக்காரச் சொற்களைக் கண்டதும் ‘இதுதான் தெரியுமே’ என்று தாண்டிப்போகத் தோன்றும். கணக்கு உதைப்பது அங்கேதான். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது.

படி 1: எந்த வேர்?

‘குவோத்’ என்றால் லத்தீனில் எத்தனை. ‘குவோத்துஸ்’ என்றால் எத்தனையாவது. ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் இல்லாமல் அகராதிகள் சுற்றிவளைக்கும், நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ‘குவோத்தா பார்ஸ்’, அதாவது எத்தனையாவது பங்கு? ‘மூன்றாவது’ என்று பதில் வந்தால் மூன்றில் ஒன்று. பின்னாளில் ‘பார்ஸ்’ உதிர்ந்து ‘குவோத்தா’ மட்டும் நின்றது. இத்தாலிய, ஸ்பானிய குவோத்தா, ஜெர்மன் க்வோட்டே, பிரெஞ்சு கோட் எல்லாம் இதன் பிள்ளைகள்.

‘ராத்தா’ என்றால் கணக்கிட்டு நிர்ணயித்தது. ‘ப்ரோ ராத்தா’ (விகிதப்படி) இதிலிருந்து வந்தது. ‘ராத்சியோ’வும் (கணக்கு) இதே வினைச்சொல்லின் வழி, ரேஷன் கடையின் ரேஷனுக்கு மூலம் அதுதான்.

‘பார்ஸ்’, ‘போர்த்சியோ’ மூன்றாவது குடும்பம். கிரேக்க ‘அனலோகியா’வுக்கு ஈடாக ‘ப்ரோபோர்த்சியோ’ என்று துணிந்து எழுதியவர் ரோமானிய அறிஞர் சிசெரோ, பிளேட்டோவின் ‘திமையுஸ்’ நூலை லத்தீனில் பெயர்த்தபோது. இந்தக் குடும்பம் எந்த மொழியிலும் பெரிதாக ஏமாற்றாது. விட்டுவிடலாம்.

படி 2: பக்கத்தில் என்ன அலகு?

சொல்லை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சதவீதக் குறி இருந்தால் விகிதம். யூரோ இருந்தால் தொகை. ‘12 × 50 யூரோ’ என்ற வடிவில் இருந்தால் தவணை. மீட்டர் இருந்தால் உயரம்! இத்தாலிய மலைப்பாதை வரைபடத்தில் ‘குவோத்தா 2000’ என்றால் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர். 1916 வெர்டன் போரில் ரத்தம் சிந்திய ‘கோட் 304’ குன்றின் பெயரும் அப்படி வந்ததுதான். பிரெஞ்சில் ‘ஓ’வின் தலையில் கூரைக்குறி இருந்தால் மட்டும் அது வேறு சொல்: விலா எலும்பைக் குறிக்கும் ‘கோஸ்தா’விலிருந்து வந்தது, சரிவு அல்லது கடற்கரை.

அலகே இல்லாமல் ‘3,50’ என்று வெறும் எண் மட்டும் நின்றால் பெரும்பாலும் பந்தய விகிதம். ஜெர்மன், இத்தாலிய, பிரெஞ்சு மூன்றிலும் ஒரே கணக்கு: 10 யூரோ கட்டி வென்றால் 35 கைக்கு வரும், கட்டிய 10-ம் அதற்குள் அடக்கம். இந்த நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி (அல்லது இடைவெளி) என்பதை மறக்க வேண்டாம்.

படி 3: வரி பில் (மெதுவாகப் படிக்க வேண்டியது இது)

ஸ்பானிய பில்லின் அடியில் மூன்று வரிசை இருக்கும்:

பாசே இம்பொனிப்லே (வரி கணக்கிடும் அடிப்படைத் தொகை): 1.000
திப்போ (விகிதம்): 21 %
குவோத்தா: 210

இத்தாலிய பில்லில்:

இம்பொனிபிலே (அடிப்படைத் தொகை): 1.000
அலிகுவோத்தா: 22 %
இம்போஸ்தா (வரி): 220

ஸ்பானிய குவோத்தா கட்டவேண்டிய பணம். இத்தாலிய அலிகுவோத்தா சதவீதம். இரண்டும் ஒரே வேர் என்பதால் எக்செல் தாளில் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுவிடுவார்கள். பிறகு 210-ஐச் சதவீதமாக எடுத்துக்கொண்டு பெருக்கினால் வரி 2,100 யூரோ என்று வந்து நிற்கும். பத்திக்குப் பெயர் வைக்கும்போதே ‘விகிதம் %’, ‘தொகை யூரோ’ என்று தமிழில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அலிகுவோத்தாவுக்கு இன்னொரு வேடம் ஆஸ்திரியாவில். அங்கே ‘அலிக்வோட்’ என்றால் காலத்துக்கு ஏற்ற விகிதத்தில். ஆண்டுக்கு 25 வேலைநாள் விடுப்பு உள்ளவர் சேர்ந்து 3 மாதத்தில் விலகினால் அவருடைய அலிக்வோட் விடுப்பு 6,25 நாள். கணிதப் புத்தகத்தில் இதே சொல்லுக்கு மீதியின்றி வகுக்கும் எண் என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு 6,25 முழு எண் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

அடுத்த பொறி ‘ராத்தா’. இத்தாலியக் கடன் தாளில் ராத்தா என்றால் தவணை, நம்ம ஊர் ஈஎம்ஐ. வட்டி விகிதத்துக்கு அங்கே ‘தாஸ்ஸோ’. ராத்தாவின் பன்மை ‘ராத்தே’. எழுத்துக்கு எழுத்து ஆங்கில ‘ரேட்’ மாதிரியே இருக்கும். ‘12 ராத்தே’ என்பதை 12 விகிதம் என்று படித்தால் தாள் முழுக்கப் புரியாமல் போகும்.

ஜெர்மனில் ‘ராட்டே’ இரண்டு வேலையும் பார்க்கும். முன்னால் எண்ணிக்கை வந்தால் தவணை. வேறொரு பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் விகிதம்: ‘கெபூர்ட்டன்ராட்டே’ பிறப்பு விகிதம். ஆனால் ‘மோனாட்ஸ்ராட்டே’ மாதத் தவணை, எனவே படி 2-ஐ விடாதீர்கள். ஸ்பானியத்தில் வெறும் ‘ராத்தா’ எலி.

படி 4: ப்ரோ ராத்தா கணக்குப் போடுதல்

மாத வாடகை 900 யூரோ, ஏப்ரல் 20-ல் குடிபுகுந்தால்? 30-லிருந்து 20-ஐக் கழித்து 10 நாள் என்று போடுவது தவறு. 20-ம் தேதியும் சேரும், ஆக 11 நாள்: 900 × 11 ÷ 30 = 330 யூரோ. மாதத்துக்கு நிஜ நாள்களா, எப்போதும் 30-ஆ என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிச் செலவில் பிரெஞ்சுக்காரர் ‘தான்தியெம்’ என்றும் இத்தாலியர் ‘மில்லேசிமி’ என்றும் சொல்வது உங்கள் வீட்டின் பங்கு. 1,000-க்கு 85 என்றால் 24,000 யூரோ கூரைச் செலவில் உங்களுக்கு 2,040. பிரான்சில் பகுதி 10,000 ஆகவும் இருக்கலாம். மொத்தத்தைப் பார்க்காமல் பெருக்காதீர்கள். இத்தாலியில் லிஃப்ட் செலவுக்கு இந்த எண் மட்டும் போதாது: பாதி வீட்டின் மதிப்புப்படி, பாதி தளத்தின் உயரப்படி.

வாட் (மதிப்புக்கூட்டு வரி) கழிவில், அதாவது செலுத்திய வாட்டில் வரிக்குட்பட்ட விற்பனையின் பங்கைக் கழிக்கும்போது மட்டும், விகிதத்தை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/112 வாட் நெறியாணை, பிரிவு 175. வரிக்குட்பட்ட விற்பனை 60,000, வரிவிலக்குள்ளது 37,000 என்றால் 60 ÷ 97 = 61,86 %; எடுத்துக்கொள்வது 62 %. செலுத்திய வாட் 5,000 யூரோவாக இருந்தால் கழிவு 3,100.

எந்தக் கருவி?

தானியங்கி மொழிபெயர்ப்பு இங்கே கைகொடுப்பதில்லை. தனிச்சொல்லைக் கொடுத்தால் முதலில் கிடைக்கும் பொருளைத் தூக்கிப் போடும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களுக்கான யூர்-லெக்ஸ் தளத்தில் ஒரே சட்டத்தை மூன்று மொழிகளில் அருகருகே வைத்துப் படிக்கலாம். மேலே சொன்ன நெறியாணையின் பிரிவு 174-ஐ பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலத்தில் திறந்து பாருங்கள்: முதல் இரண்டில் ப்ரோராத்தா, ப்ரொர்ராத்தா, ஆங்கிலத்தில் ‘ப்ரொபோர்ஷன்’. பிரெஞ்சுச் சொல்வரலாறு வேண்டுமானால் சிஎன்ஆர்டிஎல் (CNRTL) அகராதித் தளம், ஜெர்மனுக்கு டிடபிள்யூடிஎஸ் (DWDS). இரண்டும் இலவசம்.

பின்சேர்க்கை

போலிஷ் மொழியில் ‘க்வோத்தா’ சாதாரணமாகப் பணத்தொகை. எவ்வளவு தொகையானாலும் சரி, பங்கு என்ற எண்ணமே அதில் இல்லை. ‘ப்ரொசென்ட்’ அங்கே சதவீதம் மட்டுமல்ல, வட்டியும்கூட. ஸ்வீடிஷ் கணிதப் பாடத்தில் ‘க்வூட்’ வகுத்தலில் வரும் ஈவு.

பிரெஞ்சுச் சம்பளச் சீட்டில் ‘கோட்டிஸாசியோன்’ என்றால் சமூகக் காப்புக்குப் பிடித்த தொகை, ‘கோட்டாசியோன்’ பங்குச்சந்தை விலை. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் ‘கோட்டிசாசியோன்’ ஒன்றுதான்: சம்பளச் சீட்டில் பிடித்தம், செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் பங்கு விலை.