அவுட்லுக்கில் பிஎஸ்டி கோப்பு உருவாக மறுக்கிறதா? முதலில் நோட்பேடைத் திறங்கள்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் அண்ணாச்சி ஒருவர், ஜூன் மாத மழைக்கு நடுவே புது லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். பழைய கணினியில் இருந்த மெயில் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்திருந்தார். புது லேப்டாப்பில் அவுட்லுக் போட்டு, மெயிலைச் சேமிக்க ஒரு டேட்டா ஃபைல், அதாவது பிஎஸ்டி கோப்பு, உருவாக்கப் பார்த்தால், ‘அனுமதி இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஓகே கொடுத்தால் மறுபடியும் அதே பெட்டி.

“கோட்டயம் பார்ட்டியோட பில்லெல்லாம் அதிலதான் மக்கா கெடக்கு. போச்சா?” என்றார்.

“ஒண்ணும் போகல அண்ணாச்சி, அப்படியே இருக்கு” என்றேன். உண்மையிலேயே அப்படியேதான் இருந்தது. அவர் புதுக் கோப்பைச் சி டிரைவின் வாசலிலேயே, எந்த ஃபோல்டருக்கும் உள்ளே போகாமல், வைக்கப் பார்த்திருக்கிறார். விண்டோஸ் அந்த இடத்தில் சாதாரணமாக யாரையும் கோப்பு உருவாக்க விடாது. இடத்தை மாற்றியதும் இரண்டு நிமிடத்தில் கோப்பு உருவாகிவிட்டது.

இப்படி வருகிறவர்கள் பலரும் அவுட்லுக்கை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அது தேவையே இல்லை. நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் அவுட்லுக்கில் இருப்பதில்லை, கோப்பு போய் உட்காரவேண்டிய இடத்தில்தான் இருக்கும். அதனால் நாமும் அந்த வரிசையிலேயே போவோம்: முதலில் இடம், அப்புறம் பூட்டு, அப்புறம் கோப்பு, கடைசியில்தான் அவுட்லுக்.

எந்தக் கோப்பு?

அவுட்லுக் உங்கள் கணினியில் இரண்டு வகைக் கோப்புகளை வைத்திருக்கும். பிஎஸ்டி என்பது உங்களுடைய பெட்டகம். பாப் முறையில் (சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) இறங்கும் மெயிலும், நீங்களாகப் பிரித்து எடுத்து வைக்கும் பழைய மெயிலும் அதில் இருக்கும். அது போனால் அந்த மெயில் வேறு எங்கும் இல்லாமல் போகலாம். ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் நகல். எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளுக்கும், 2013 பதிப்பிலிருந்து ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்கும் முறை) கணக்குகளுக்கும் அவுட்லுக் இதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்து தெரியவில்லையென்றால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பட்டிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள்.

இன்னொன்று. கீழே சொல்வது முழுவதும் கிளாசிக் அவுட்லுக்கிற்கு, அதாவது பழைய வடிவ அவுட்லுக்கிற்கு. வலது மேல் மூலையில் ‘நியூ அவுட்லுக்’ என்ற சுவிட்ச் ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.

முதல் படி: சரியான இடத்தில் உருவாக்குங்கள்

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டி கோப்புக்கு வழக்கமான இடம் அதுதான். இப்போது அவுட்லுக்கில் ஹோம் பட்டி, நியூ ஐட்டம்ஸ், மோர் ஐட்டம்ஸ், அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று போங்கள். திறக்கும் பெட்டியில் அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, ‘மெயில் 2025’ என்பதுபோல் எளிய பெயர் கொடுத்து ஓகே அழுத்துங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் காலியாக விடலாம். மறந்துபோகும் பாஸ்வேர்டைவிட, லேப்டாப்புக்கே நல்ல பாஸ்வேர்ட் இருப்பது மேல்.

இடது பக்கப் பட்டியலில் அந்தப் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால் கீழே போவோம்.

இரண்டாம் படி: நோட்பேட் சோதனை

என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நோட்பேடைத் திறந்து ஏதாவது ஒரு வார்த்தை எழுதுங்கள். பிஎஸ்டி வைக்க நினைத்த அதே ஃபோல்டரில் அதைச் சேமியுங்கள். நோட்பேடும் ‘அனுமதி இல்லை’ என்று சொன்னால், அவுட்லுக்கில் ஒரு குறையும் இல்லை, இடம்தான் தப்பு. சேமிக்க முடிந்தால், அந்தக் கோப்பைத் திறந்து இன்னொரு வரி சேர்த்து மறுபடி சேமியுங்கள், பிறகு அழித்துப் பாருங்கள். மூன்றும் நடந்தால் உங்கள் பெயருக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்கிறது.

இந்தச் சோதனையில் தோற்கும் இடங்கள் எனக்குப் பழகிப்போனவை. சி டிரைவின் வாசல் ஒன்று. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் இன்னொன்று. ஒரே லேப்டாப்பை வீட்டில் இரண்டு பேர் தனித்தனிப் பெயரில் பயன்படுத்தும்போது, மற்றவருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரும் இதில் சேரும்.

நோட்பேட் எழுதுகிறது, அவுட்லுக் மட்டும் எழுதவில்லை என்றால் வைரஸ் தடுப்பைப் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதற்குள் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் போனால் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால், தனக்கு நம்பிக்கையில்லாத செயலி எதையும் டாக்குமென்ட்ஸில் எழுத விடாது. அதை அணைக்கச் சொல்லமாட்டேன், நல்ல காவல் அது. அங்கேயே செயலிக்கு அனுமதி கொடுக்கும் வழி இருக்கிறது, அதில் அவுட்லுக்கைச் சேர்த்துவிடுங்கள்.

நோட்பேட் சோதனையில் தேறினாலும் பிஎஸ்டிக்கு ஆகாத இடங்கள் மூன்று உண்டு.

ஒன்று, ஒன்டிரைவ். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் பேக்கப்பில் சேர்த்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே பிஎஸ்டியும் அதற்குள் போயிருக்கும். அவுட்லுக் கோப்பைப் பிடித்துக்கொண்டு எழுதும், ஒன்டிரைவ் அதையே மேலேற்றப் பார்க்கும், இரண்டுக்கும் இழுபறிதான். அவுட்லுக்கை மூடிவிட்டு, உங்கள் பெயருள்ள யூசர் ஃபோல்டருக்குள் ‘மெயில்பெட்டி’ என்று புது ஃபோல்டர் போட்டு, பிஎஸ்டியை அங்கே நகர்த்துங்கள். மறுபடி அவுட்லுக்கைத் திறந்தால் கோப்பைக் காணோம் என்று சொல்லும். ஓகே கொடுத்து, புது இடத்தைக் காட்டுங்கள்.

இரண்டு, அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர். பிஎஸ்டி ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் திறக்கும் கோப்பு. நெட்வொர்க் வழியாக அதைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டும் ஏற்பதில்லை.

மூன்று, பென்டிரைவ். ஃபேட்32 அமைப்பில் உள்ள பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. இன்று ‘ஈ’ டிரைவாக இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் நாளைக்கு ‘எஃப்’ ஆனால், அவுட்லுக் கோப்பைத் தேடிக்கொண்டே நிற்கும். பென்டிரைவையும் எக்ஸ்டர்னல் டிஸ்கையும் நகல் எடுத்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்று செய்தி வந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அவுட்லுக் மூடியபிறகும் அங்கே அதன் பெயர் இருந்தால் சிறிது நேரம் காத்திருங்கள், அப்படியும் போகவில்லையென்றால் எண்ட் டாஸ்க் கொடுங்கள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலும் போதும்.

நான்காம் படி: பழைய கோப்பைத் திறக்கும்போது

அண்ணாச்சியின் இரண்டாவது சிக்கல் இதுதான். புதுக் கோப்பு உருவாகிவிட்டது, ஹார்ட் டிஸ்கில் இருந்த பழைய பிஎஸ்டி மட்டும் திறக்கவில்லை. “படிக்கத்தானே கேக்கேன், அதுக்கு எதுக்கு அனுமதி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிஎஸ்டியைத் திறக்கும்போதே அவுட்லுக் அதற்குள் எழுதத் தொடங்கும். எழுத முடியாத கோப்பை அது திறக்கவே திறக்காது. சிடியில் இருக்கும் பிஎஸ்டி நேரடியாகத் திறக்காததும் இதனால்தான்.

வழி இது. பழைய கோப்பைத் தொடாமல், அதன் ஒரு நகலை உங்கள் ‘மெயில்பெட்டி’ ஃபோல்டருக்குக் கொண்டுவாருங்கள். நகலின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். அங்கே ‘ரீட் ஒன்லி’ டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்து செக்யூரிட்டி பட்டியில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, எடிட் போய், ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுங்கள். பழைய கணினியின் பயனர் பெயரில் பதிந்த கோப்பாக இருந்தால் இந்தக் கடைசிச் செயல்தான் கதவைத் திறக்கும். இனி அவுட்லுக்கில் ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று போய் அதைத் திறக்கலாம்.

ஒரு டெக்ஸ்ட் கோப்புக்கு பிஎஸ்டி என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு, ‘இது அவுட்லுக் கோப்பு இல்லை’ என்று வருகிறதே என்று கேட்பவர்களும் உண்டு. பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் அமைப்பு மாறாது. அதை அழித்துவிட்டு முதல் படியில் சொன்னபடி உருவாக்குங்கள்.

ஐந்தாம் படி: கரண்ட் போனபிறகு

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு மழை, ஐப்பசியில் வடகிழக்கு மழை என்று இரண்டு மழைக்காலம். இடி இடித்தால் கரண்ட் போகும். பேட்டரி செத்த லேப்டாப்பிலோ, யுபிஎஸ் இல்லாத கணினியிலோ அவுட்லுக் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பிஎஸ்டி பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். மறுநாள் ‘கோப்பில் பிழைகள் உள்ளன’ என்று வரும். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் மலிவான யுபிஎஸ் கிடைக்கும். மெயிலை நம்பி வியாபாரம் செய்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

அப்படிக் கெட்ட கோப்பைச் சரிசெய்ய, அவுட்லுக்கோடு சேர்ந்தே ஒரு கருவி வருகிறது. அதன் பெயர் ஸ்கேன்பிஎஸ்டி. சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ரூட், ஆஃபீஸ்16 என்ற வரிசையில் இருக்கும். அங்கே இல்லையென்றால் எக்ஸ்86 என்று முடியும் இன்னொரு புரோகிராம் ஃபைல்ஸில் தேடுங்கள். 2016, 2019, 2021, 365 எல்லாவற்றுக்கும் இந்த 16-தான்.

அவுட்லுக்கை மூடுங்கள். முதலில் கெட்ட கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிறகு கருவியைத் திறந்து, பிரவுஸ் கொடுத்துக் கோப்பைக் காட்டி, ஸ்டார்ட் அழுத்துங்கள். பிழை இருந்தால் ரிப்பேர் பொத்தான் வரும். ‘பேக்கப் எடு’ என்ற டிக்கை அப்படியே விட்டுவிட்டு ரிப்பேர் அழுத்துங்கள். பெரிய கோப்பு என்றால் நேரம் எடுக்கும், நடுவில் மூடாதீர்கள். ஒரு முறையில் எல்லாம் சரியாகிவிடாது. பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அப்புறம் அவுட்லுக்கைத் திறந்தால், எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத மெயில்கள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில் கிடக்கலாம். அதை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அளவும் ஒரு காரணமாகலாம். அவுட்லுக் 2002 வரை உருவான பழைய வகை பிஎஸ்டி 2 ஜிபிக்கு மேல் போகாது. 2003, 2007 பதிப்புகளில் வழக்கமான எல்லை 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. நிறைந்துவிட்டால் புதிதாக ஒரு பிஎஸ்டி போட்டு, வருடவாரியாக மெயிலைப் பிரியுங்கள். டிஸ்கில் காலி இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால்

இப்போது அவுட்லுக்கைச் சந்தேகிக்கலாம். கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவுட்லுக் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். அதில் கோப்பு உருவானால், ஏதோ ஒரு ஆட்-இன் (அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணைச் செயலி) தடுக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

சேஃப் மோடிலும் நடக்கவில்லையா? கன்ட்ரோல் பேனலில் மெயில் என்பதைத் திறந்து, ஷோ புரொஃபைல்ஸ், ஆட் கொடுத்துப் புது புரொஃபைல் (கணக்கு, கோப்பு விவரங்களை அவுட்லுக் குறித்து வைக்கும் தொகுப்பு) உருவாக்குங்கள். பழைய புரொஃபைலை உடனே நீக்கவேண்டாம். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால், பிஎஸ்டி உருவாக்குவதையே அவர்கள் தடுத்து வைத்திருக்கலாம். அதை நாம் உடைக்கக்கூடாது, அங்கே ஐடி பார்ப்பவரிடம் கேளுங்கள்.

ஓஎஸ்டி கோப்பில் மட்டும் சிக்கல் என்றால், அவுட்லுக்கை மூடி, அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘பழையது’ என்று சேர்த்துவிட்டு மறுபடி திறங்கள். சர்வரிலிருந்து புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். பழையதை உடனே அழிக்காதீர்கள், சர்வருக்கு இன்னும் போய்ச்சேராத மெயில் அதில் இருக்கலாம்.

கோப்பு உருவானதும் அவசரமில்லாத ஒரு மெயிலை அதற்குள் நகர்த்துங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்து, மெயில் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறுபடி மூடிவிட்டு, பிஎஸ்டியின் நகல் ஒன்றை எக்ஸ்டர்னல் டிஸ்கில் போடுங்கள். அவுட்லுக் திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்பவேண்டாம். அண்ணாச்சி இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை அடைக்கும் முன் அந்த நகலை எடுத்துவிட்டுத்தான் பூட்டுகிறார்.