ஹப்புத்தளையில் தங்கி மலை ஏறுவது எப்படி? முதல் தடவை வருபவர்களுக்கு

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மலை உயரமானது?" என்றுதான். எத்தனை மணிக்குத் திரும்பி வர நினைக்கிறீர்கள் என்று நான் கேட்பேன். மலையகத்தில் புதியவரைச் சோதிப்பது உயரத்தைவிட நேரம்தான். காலை ஆறரைக்குத் தெளிவாகத் தெரிந்த முகடு பத்து மணிக்கு மூடுபனிக்குள் போய்விடும், பிற்பகலில் மழை பிடிக்கும், மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு பாதைக்கும் திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு புறப்படுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

தங்குவதற்கு நான் ஹப்புத்தளையைச் சொல்வேன். கொழும்பு–பதுளை ரயில் பாதையில், 1,400 மீற்றருக்கு மேல், ஒரு மலை முகட்டின் மீது இருக்கும் சிறிய ஊர் இது. கடைத்தெருவில் நின்றாலே தெற்கே நிலம் சரிந்து சமவெளியில் முடிவது தெரியும். இலகுவான பாதையும் கடினமான பாதையும் ஒரே இடத்திலிருந்து கிடைப்பது புதியவர்களுக்குப் பெரிய வசதி.

முதல் படி: கால்களைச் சோதித்துப் பாருங்கள்

வந்த அன்றே பெரிய மலைக்குப் போகாதீர்கள். ஊரிலிருந்து அடிஷாம் பங்களாவுக்குத் தார் வீதியில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல் மாளிகை அது. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். உள்ளே போக எல்லா நாளும் அனுமதி இல்லை என்பதால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பங்களாவை ஒட்டித் தங்கமலைக் காடு இருக்கிறது. பறவை பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதன் ஓரமாக நடப்பதே போதும்.

போய் வந்த பிறகு முழங்கால் வலிக்கிறதா, சப்பாத்து குதிகாலைக் கடிக்கிறதா என்று பாருங்கள். கடித்தால் அந்தச் சப்பாத்தோடு மறுநாள் போக வேண்டாம். புதுச் சப்பாத்தைவிடப் பழகிய சப்பாத்து நல்லது. அடிப்பாகம் தேய்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: முதல் நாள் இரவே பையைக் கட்டுங்கள்

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழை அங்கி, மெல்லிய கம்பளிச் சட்டை, டோர்ச், ரொட்டியும் சம்பலும், மாற்றுக் காலுறை. பருத்திக் காலுறை நனைந்தால் காயாது, கொப்புளம் போடும். கம்பளி கலந்தது வாங்குங்கள். கைத்தொலைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்து, அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் படுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் புதைந்தது இந்த மலைத்தொடரின் தெற்குச் சரிவில்தான். தொடர்ந்து இரண்டு நாள் கனமழை பெய்திருந்தால், மறுநாள் வெயில் அடித்தாலும் நான் யாரையும் சரிவுப் பாதைக்கு அழைத்துப் போவதில்லை.

மூன்றாம் படி: லிப்டன் சீட்

புதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாதையை நான் கண்டதில்லை. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்ன தோட்டத்தின் உச்சி இது. உயரம் ஏறக்குறைய 1,970 மீற்றர். ஹப்புத்தளை பஸ் நிலையத்திலிருந்து தம்பேதன்ன தொழிற்சாலை வரை பஸ் போகிறது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏழு கிலோமீற்றர் ஏற்றம். பழகாதவருக்கு ஏற இரண்டரை மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அதற்கும் முன்பே போக வேண்டுமென்றால் ஓட்டோவில் உச்சிக்குப் போய், சூரிய உதயம் பார்த்துவிட்டு நடந்து இறங்கலாம். வயதானவர்களோடும் சிறு பிள்ளைகளோடும் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

வீதியை வெட்டிக்கொண்டு தேயிலைக்குள் குறுக்குப் பாதைகள் ஏறும். வானம் தெளிந்திருக்கும்போது மட்டும் அவற்றில் போங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் அண்ணன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பத்து மணிக்குத்தான் தொழிற்சாலையடியில் இறங்கினேன். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. குறுக்கில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்து ஏறி, எந்த மலையில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போனது. (தோட்டத்தில் மலை என்றால் தேயிலைக் காணியின் ஒரு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு.) சின்னவன் அழத் தொடங்கினான்.

கொழுந்து எடுப்பவர்களின் பேச்சுக் குரல் கேட்டு அந்தத் திசையில் போனோம். இடுப்பில் படங்கு (தடித்த சாக்குத் துணி) கட்டிய ஓர் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் நீங்கள்?" என்று கேட்டார். பிறகு கூடையை இறக்கி வைக்காமலேயே முன்னால் நடந்து, வீதி வரை கொண்டுவந்து விட்டார். போகும்போதும் அவர் இரண்டு கையும் ஓயவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டுக்கொண்டே வந்தார். கொழுந்தின் நிறை குறைந்தால் அவருக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். எங்களுக்காக அவர் செலவழித்த இருபது நிமிடம் அவருடைய கூலியிலிருந்து போனது என்பது வீதியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் கேட்கிறேன்: தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து படம் எடுக்காதீர்கள். வேலை செய்கிறவரிடம் கேட்காமல் அவரைப் படம் பிடிக்காதீர்கள். எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லுங்கள், வழியையும் வானத்தையும் அவர்களிடமே கேளுங்கள். மழை வரும் என்று அவர்கள் சொன்னால் வரும்.

நான்காம் படி: அட்டையும் குளவியும்

அட்டை ஆளைப் பயமுறுத்துமே தவிர ஆபத்தானதல்ல. காலுறைக்கு வெளியே ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக் காயவிட்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் சிறிது நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

குளவி அப்படியல்ல. தோட்டத்தில் குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளர்களின் செய்தி இல்லாத வருடம் கிடையாது. மரத்திலோ பாறை இடுக்கிலோ கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள், நெருப்புப் புகை போடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சு விட முடியாமல் போனாலோ, முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே 1990ஐ அழையுங்கள்.

ஐந்தாம் படி: ஹோர்ட்டன் சமவெளி

லிப்டன் சீட் களைப்பில்லாமல் முடிந்ததா? அப்படியானால் இது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் நீர் ஊறும் இடம். 1988 முதல் தேசிய பூங்கா. சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர், மூன்று மணி நேரம். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. ஆனால் 2,100 மீற்றர் உயரத்துக் குளிரும் காற்றும் உடம்பைச் சோர்வடைய வைக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்.

சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் நடங்கள். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் அங்கேயே இருக்கும், உலக முடிவின் காட்சி இருக்காது. எண்ணூறு மீற்றருக்கும் மேல் நேராக விழும் பாறை விளிம்பு அது. ஈரமான கல்லில் நின்று செல்பி எடுக்க வேண்டாம். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், ஆகவே சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள். மரைகள் பக்கத்தில் வரும். அவற்றுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

அதற்கும் பிறகு

சிவனொளிபாதமலையை முதல் பயணத்திலேயே ஏற வேண்டும் என்று பலர் நிற்கிறார்கள். ரயிலில் ஹட்டன் போய், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சேர வேண்டும். 2,243 மீற்றர், ஐயாயிரத்துக்கும் அதிகமான படிகள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரையான பருவத்தில் வழியெங்கும் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். புதியவர்கள் அந்தக் காலத்தில் மட்டும் போங்கள். ஏறுவதை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். முழங்கால் நடுங்குவது இறங்கும்போதுதான். கையில் ஒரு தடி வைத்துக்கொண்டு, படியில் பக்கவாட்டாகக் கால் வைத்து, நூறு படிக்கு ஒருமுறை நின்று இறங்குங்கள். மறுநாளைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.