ஐரோப்பாவில் பிப்ரவரி கடைசியில் பனி விழுமா என்று பார்ப்பது எப்படி?

பிப்ரவரி பாதி தாண்டியதும் பலர் வானிலை மாடல் (கணினிக் கணிப்பு) பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த நேரம். 2018-இல் ஐரோப்பாவை உறைய வைத்த கிழக்குக் குளிர் பிப்ரவரி கடைசி வாரத்தில்தான் வந்தது.

முதலில் மேலே பாருங்கள். வட துருவத்தைச் சுற்றி சுமார் 30 கி.மீ. உயரத்தில், குளிர்காலம் முழுக்க மேற்குக் காற்று சுழன்றுகொண்டிருக்கும். 10 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தில் (அதே 30 கி.மீ. உயரம்தான்), 60 டிகிரி வட அட்சரேகையில் அதன் சராசரி வேகத்தைக் காட்டும் கோட்டைத் தினமும் ஒருமுறை பார்த்தால் போதும். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போனால் காற்று திசை திரும்பிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தாக்கம் தரை வரை இறங்கினால் கிழக்கிலிருந்து குளிர் வரலாம். 2018-இல் பிப்ரவரி 12 வாக்கில் அப்படித் திரும்பியது. தரைக்குக் குளிர் வந்துசேர இரண்டு வாரம் பிடித்தது.

அதற்காக உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். 2019 ஜனவரி தொடக்கத்திலும் காற்று திரும்பியது, தாக்கம் சரியாகக் கீழே இறங்கவில்லை. அந்த பிப்ரவரியில் பிரிட்டனில் 21.2 டிகிரி வெயில் அடித்தது! அதனால் இன்னும் கீழே இருக்கும் 100 ஹெக்டோபாஸ்கல் மட்டத்திலும் காற்று தளர்கிறதா என்று சேர்த்தே பாருங்கள்.

அடுத்தது என்செம்பிள், அதாவது ஒரே மாடலைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டிய கணிப்புகளின் தொகுப்பு. அமெரிக்க வானிலை மாடலான ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடி, 16 நாள் வரை படம் போடுகிறது. அந்தக் கடைசிப் படங்களில் வரும் பெரிய பனிப்புயல் அடுத்த ரன்னிலேயே (ஓட்டத்திலேயே) காணாமல் போகும். ஒரு வாரத்துக்கு மேல் ஒற்றை ரன்னை நம்பவே நம்பாதீர்கள். ஐரோப்பிய மாடலின் 51 கணிப்புகளும் ஒன்றாக இருக்கும் வரைபடத்தை எடுங்கள். 850 ஹெக்டோபாஸ்கல் வெப்பநிலை, அதாவது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். முதல் நான்கைந்து நாள் கோடுகள் ஒட்டிக்கொண்டு போகும். அப்புறம் நூல்கண்டு பிரிந்த மாதிரி விரியும். மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே போகிற கோடுகளை எண்ணுங்கள். 51-இல் 10 என்றால் அந்தக் குளிருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. அந்த எண்ணிக்கையைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், மற்றவர்கள் சொல்வதைப் படிப்பதற்கு முன்னாலேயே. நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி, குளிர் வரும் தேதியும் நெருங்கினால் விஷயம் இருக்கிறது. எப்போது பார்த்தாலும் "இன்னும் பத்து நாளில்" என்றே நின்றால் விட்டுவிடலாம்.

கடைசி மூன்று நாளில் பருவத்தின் கணக்கு வருகிறது. பிப்ரவரி கடைசியில் நண்பகல் சூரியன் அக்டோபர் நடுவில் இருக்கும் உயரத்துக்கு வந்துவிடும். லேசான பனி பகலில் விழுந்தால் சாலையில் தங்காது. இரவில் விழ வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். கடல் அப்போது ஆண்டிலேயே அதிகக் குளிராக இருப்பதால், அதைக் கடந்து வரும் காற்று ஜனவரியைவிடக் குறைவாகவே சூடேறும். தரையில் பனிநிலை வெப்பம் (dew point, காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா, மழைமேகம் வரும் நேரம் இரவா பகலா, இந்த இரண்டையும் ஒவ்வொரு ரன்னிலும் சரிபாருங்கள்.