சென்சார் நோடுகளை நடும் முன் வரைபடத்தில் சோதிப்பது எப்படி?

சென்சார் நோடுகள் (அளந்த தரவை ரேடியோவில் அனுப்பும் சிறு கருவிகள்) அனுப்புவதை வாங்கும் மையக் கருவிதான் கேட்வே. அதைச் சுற்றி 2 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எங்கே நோடு வைத்தாலும் தரவு வந்துவிடும் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தூரத்தைப் போலவே இடையில் இருக்கும் மேடும் மரமும் கம்பத்தின் உயரமும் முக்கியம். இதைக் கணினியிலேயே பெருமளவு பார்த்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும்.

ஜிபிஎஸ் புள்ளிகள் இபிஎஸ்ஜி 4326 (EPSG:4326) என்ற ஆயத்தொலைவு முறையில் வரும். அதன் அலகு டிகிரி; அதில் பஃபருக்கு (புள்ளியைச் சுற்றி இடும் வட்டம்) 500 என்று கொடுத்தால் 500 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும். எனவே மீட்டரில் அளக்கும் யுடிஎம் (UTM) முறையில் உங்கள் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். புள்ளிகள் உள்ள சிஎஸ்வி (CSV) கோப்பை ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை.

அடுத்து எஸ்ஆர்டிஎம் (SRTM) அல்லது கோப்பர்னிகஸ் தரும், 30 மீட்டர் பிக்சல் கொண்ட நில உயர ராஸ்டரை (கட்டம் கட்டமாக உயரம் பதிந்த படம்) இறக்கி, அதே யுடிஎம்முக்கு மாற்றுங்கள். 'விசிபிலிட்டி அனாலிசிஸ்' பிளகினில் கேட்வேக்கு ஏற்ற இரண்டு மூன்று இடங்களைப் புள்ளிகளாக வைத்து, கேட்வே ஆன்டெனா, நோடு இரண்டின் உயரத்தையும் தரையிலிருந்து மீட்டரில் கொடுத்து வியூஷெட் (ஓர் இடத்திலிருந்து நேர்ப்பார்வையில் தெரியும் பகுதி) ஓட்டுங்கள். ஒரு பிக்சல் 30 மீட்டர் என்பதால் சுவரும் தனி மரமும் இதில் தெரியாது.

வியூஷெட்டில் 'தெரிகிறது' என்று வந்தாலும் பேக்கெட் (நோடு அனுப்பும் ஒரு தரவுத் துண்டு) தொலையலாம். காரணம் ஃப்ரெனெல் மண்டலம், அதாவது இரு ஆன்டெனாக்களுக்கு இடையிலான நேர்க்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் வெளி. நடுவழியில் அதன் ஆரம் மீட்டரில் 8.66 × √(கிலோமீட்டரில் தூரம் ÷ கிகாஹெர்ட்ஸில் அதிர்வெண்). 868 மெகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டருக்கு இது 13 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது சுமார் 8 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். இரு முனையிலும் 3 மீட்டர் கம்பம் என்றால் சமதரையில்கூட நடுவில் 3 மீட்டர்தான் கிடைக்கும். கேட்வேயை 13 மீட்டருக்கு ஏற்றினால் நடுவில் 8 கிடைத்துவிடும். நோடு பக்கம் மட்டும் இன்னும் சற்று நெருக்கடி இருக்கும். அங்கே கம்பத்தைக் குட்டையாக்காதீர்கள்.

இனி களச் சோதனை. நோடைக் கையில் பிடிக்காமல், நிஜ உயரத்தில் ஒரு கம்பில் கட்டி நடங்கள். உடம்பே சிக்னலை மறைக்கும். 10 விநாடிக்கு ஒரு பேக்கெட், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். முக்கியமாக, அந்த எண்ணையும் ஜிபிஎஸ் இடத்தையும் நோடு பக்கமே பதிவு செய்யுங்கள். கேட்வே பதிவில் வந்து சேர்ந்த பேக்கெட்டுகள் மட்டுமே இருக்கும். அதை மட்டும் வைத்து வரைந்தால் மோசமான இடங்கள் வெறும் வெற்றிடமாகி, நல்ல இடங்கள் மட்டுமே தெரியும். இரண்டையும் வரிசை எண்ணால் ஜாயின் செய்து, ஜோடி இல்லாதவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். பிறகு 50 மீட்டர் கட்டங்களில் வந்தவை, அனுப்பியவை விகிதத்தைப் பாருங்கள். இலை அடர்ந்த பருவத்தில் சோதிப்பதே நல்லது. ஈர இலை அலையை நன்றாக உறிஞ்சும்.

நோடுக்கு நோடு தாவிச் செல்லும் வலையமைப்பானால், பாதைகளைக் கோடுகளாக வரைந்து, கடத்தும் பேக்கெட்டுக்கு ஏற்பத் தடிமன் கொடுங்கள். கேட்வே அருகே ஒரே நோடில் தடித்த கோடுகள் குவிந்தால் அதன் பேட்டரிதான் முதலில் தீரும். பக்கத்தில் இன்னொன்று நடுங்கள்.

நோடை இடம் மாற்றும்போது பழைய ஆயத்தொலைவை அழிக்காமல், தேதியுடன் புது வரியாகச் சேருங்கள். அழித்தால் பழைய அளவீடுகள் எல்லாம் புது இடத்தில் எடுத்தவையாக வரைபடத்தில் வந்து நிற்கும்.