மழை பெய்தால் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நிரம்பி வழிகிறதா? கழிவுநீர்க் குழாய்க்குள் மழைநீரும் நிலத்தடி நீரும் புகும் இடங்களைக் கண்டுபிடித்து அடைக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை வந்தால் சென்னையின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே புகார்தான். கலெக்‌ஷன் டேங்க் (கழிவுநீர் முதலில் வந்து சேரும் தொட்டி) பொங்குகிறது, தரைத்தளக் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது, மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. சங்கக் கூட்டத்தில் உடனே "பெரிய மோட்டார் போடலாம்" என்று முடிவாகும். அது வீண் செலவு. குழாய்க்குள் வரவே கூடாத தண்ணீர் வருகிறது. அது எவ்வளவு, எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

வரக்கூடாத தண்ணீர் இரண்டு வகை. மொட்டை மாடிக் குழாய், மேன்ஹோல் மூடி, முற்றத்து வடிகால் வழியாக நேரே கொட்டும் மழைநீர் ஒன்று. இது மழையோடு ஏறி, மழை நின்ற சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் விரிசல், இணைப்பு, வேர் துளைத்த இடம் வழியாகக் கசிந்து வருவது மற்றொன்று. இது மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் அளவு

120 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது வழக்கமான வடிவமைப்புக் கணக்கு. அப்படியானால் நாளொன்றுக்குச் சுமார் 52,000 லிட்டர். உங்கள் இடத்து எண்ணை இதே போலப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உண்மையில் வருவதை அளக்க வேண்டும். ஃப்ளோ மீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, டேங்க்கே அளவுகோல். டேங்கின் உள் நீளம், அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நீர்மட்டம் உள்வரும் குழாய்க்குக் கீழே இருக்கும்போது மோட்டாரை நிறுத்தி, பத்து நிமிடத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். மட்டம் குழாய் வாய்க்கு மேலே போய்விட்டால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே தேங்கும், கணக்கு தப்பும்.

மழை இல்லாத நாளில், அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள் இதைச் செய்வதுதான் முக்கியம். அந்த நேரத்தில் ஓரிரு ஃப்ளஷ் தவிர எதுவும் வரக்கூடாது. 3 மீட்டருக்கு 2 மீட்டர் டேங்கில் பத்து நிமிடத்துக்கு 4 செ.மீ. ஏறினால் 240 லிட்டர், மணிக்கு 1,440 லிட்டர், நாளுக்கு 34,000 லிட்டருக்கு மேல். மேலே போட்ட கழிவுநீர்க் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நிலத்தடி நீர் வருகிறது என்று அர்த்தமாகலாம். "ஆகலாம்" என்பதற்குக் காரணம் உண்டு. ஒழுகும் ஃப்ளஷ் டேங்குகளும் இரவு முழுக்க இதே போல ஓடும். அதனால் அதே அளவை நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் மே மாதத்திலும் எடுத்து வையுங்கள். மே மாதத்திலும் அதே ஓட்டம் என்றால் மண்ணைத் தோண்ட வேண்டாம், வீடு வீடாக ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள்.

பிறகு, கனமழை நாளில் மோட்டார் ஓடிய மணி நேரத்தையும் சாதாரண நாளில் ஓடியதையும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம்தான் நேரடியாகக் கொட்டும் மழைநீர்.

மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 50 மி.மீ. மழையில் அங்கிருந்து இறங்குவது சுமார் 4,600 லிட்டர், அதாவது பத்து வீடுகளின் ஒருநாள் கழிவுநீர். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொத்தமாக வந்து சேரும். ஒரே ஒரு மழைநீர்க் குழாயைத் தவறாகக் கழிவுநீர்ச் சேம்பரில் (குழாய்கள் வந்து சேரும் தரைக்குழியில்) விட்டிருந்தாலே டேங்க் தாங்காது.

வரைபடத்தை நம்பாமல் நடந்து பாருங்கள். ஒவ்வொரு மழைநீர்க் குழாயும் தரையில் எங்கே போய் முடிகிறது? பேஸ்மென்ட்டில் ஊறும் தண்ணீரை இறைக்கும் சிறு மோட்டாரின் ஹோஸ் எங்கே போகிறது? பல இடங்களில் அது பக்கத்துக் கழிவுநீர்ச் சேம்பரில்தான் சொருகியிருக்கும். கார் இறங்கும் சரிவின் அடியில் உள்ள கம்பி வடிகாலையும் மறக்க வேண்டாம். கல்லி டிராப்பின் (வீட்டுக் கழிவுநீர் வெளியே இறங்கும் இடத்தில், நாற்றம் ஏறாமல் நீர் தேங்கி நிற்கும் வளைவின்) விளிம்பு தரையை விட 15 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும். டைல்ஸ் மேல் டைல்ஸ் போட்டு முற்றம் உயர்ந்துபோய், டிராப் பள்ளத்தில் கிடந்தால் முற்றத்து மழை முழுதும் அதில்தான் இறங்கும்.

சந்தேகமான குழாயைச் சாயம் விட்டுச் சோதிக்கலாம். பச்சையாகத் தெரியும் ஃப்ளோரசீன் சாயத்தை, அது கிடைக்காவிட்டால் அடர்ந்த ஃபுட் கலரை, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மாடிக் குழாயில் ஊற்றி, பின்னாலேயே நாலைந்து வாளி தண்ணீர் விடுங்கள். கீழே கழிவுநீர்ச் சேம்பரில் நிறம் வந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

துண்டித்த குழாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ திருப்புங்கள். ஆனால் அதற்கு முன் மாடியில் யாராவது வாஷிங் மெஷின் வைத்து, அதன் தண்ணீரை அதே குழாயில் விடுகிறார்களா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் திருப்பினால் சோப்புத் தண்ணீர் நேரே கிணற்றுக்குப் போகும்.

புகைச் சோதனை

கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. மண் காய்ந்திருக்கும், காற்று அதிகம் இல்லாத நாளில் செய்ய வேண்டும். ஈர மண்ணில் புகை மேலே வராது.

இரண்டு நாள் முன்பே எல்லா வீடுகளுக்கும் அறிவிப்பு, தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல். அன்று காலை ஒவ்வொரு வீட்டிலும் தரை டிராப்புகளில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்வது நல்லது. மேன்ஹோலின் மேல் ஊதுவிசிறியை வைத்து, குழாய்ச் சோதனைக்கென்றே விற்கும் நச்சற்ற புகையை உள்ளே செலுத்த வேண்டும். கொசு மருந்து அடிக்கும் இயந்திரம் கூடவே கூடாது, அதில் பூச்சிக்கொல்லி இருக்கிறது. டயர், தேங்காய் மட்டை எரித்து மூட்டம் போடுவது அதைவிட ஆபத்து. குழாய்க்குள் மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

மாடியில் உள்ள வென்ட் குழாயில் (காற்றுப் போக்குக் குழாயில்) புகை வந்தால் நல்லது, அது வர வேண்டிய இடம். மழைநீர்க் குழாயில் வந்தால் தவறான இணைப்பு. புல்வெளியில், நடைபாதை இடுக்கில் வந்தால் அடியில் குழாய் உடைந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் டிராப்பில் தண்ணீர் இல்லை, அல்லது உள்ளே குழாய் பழுதாகியிருக்கிறது. ஒவ்வொன்றையும் சுண்ணாம்பில் குறியிட்டுப் படம் எடுங்கள். புகை வராத இடமெல்லாம் சுத்தம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீர் நிறைந்த பள்ளத்தையும் டிராப்பையும் புகை தாண்டாது.

மேன்ஹோல்

முதல் விதி: யாரும் உள்ளே இறங்கக் கூடாது, தலையைக்கூட நுழைக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு வாசனையையே உணராது, அதற்குள் ஆள் விழுந்துவிடுவார். தகுந்த பாதுகாப்பின்றிச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கொத்தனாரை "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று இறக்குவதும் அதே ஆபத்துதான். மேலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடித்தால் சுவர் இன்னும் தெளிவாகத் தெரியும். சுவரில் ஈரக்கோடு, வெள்ளைப் படிவம், இழை இழையாக வேர் தெரிந்தால் அங்கேதான் கசிவு.

மூடியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 25 மி.மீ. துளை ஒன்றின் மேல் 5 செ.மீ. தண்ணீர் நின்றால், மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் உள்ளே போகும். தூக்குவதற்கான துளைகளுக்கு ரப்பர் அடைப்பான் போடுங்கள். காற்றுப் போக்கை வென்ட் குழாய் பார்த்துக்கொள்ளும். தோட்டத்திலும் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் உள்ள மேன்ஹோல்களின் கழுத்தைத் தேங்கும் மட்டத்துக்கு மேலே 15 செ.மீ. உயர்த்துங்கள். சாலையில் உயர்த்த முடியாது, அங்கே ரப்பர் வளையம் வைத்த மூடிதான் சரி.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை மனிதர்களால் வருவது. தெருவில் தண்ணீர் நின்றால் யாராவது கம்பியால் கழிவுநீர் மூடியைத் தூக்கிவிடுவார்கள். தெரு வடிந்துவிடும், ஆனால் அந்தத் தண்ணீர் மணலோடும் பிளாஸ்டிக்கோடும் டேங்குக்குப் போய், தாழ்ந்த வீட்டின் கழிப்பறையில் எதிர்த்து வரும். பூட்டும் மூடி போட்டு, சாவியைப் பராமரிப்பாளரிடம் மட்டும் கொடுங்கள்.

சுவரில் குழாய் நுழையும் இடம் அடுத்த பலவீனம். பிவிசியின் வழவழப்பான மேற்பரப்பில் சிமென்ட் ஒட்டாது, ஒரே வருடத்தில் சுற்றிலும் வளையமாக இடைவெளி விழும். புதிதாகப் பொருத்தும்போது குழாயின் முனையில் சால்வென்ட் சிமென்ட் தடவி, அது காய்வதற்குள் கரடுமுரடான மணலைத் தூவி உலரவிட்டுப் பிறகு கலவை வைத்துப் பூச வேண்டும். பழைய கசிவுக்கு, இடைவெளியைக் கொத்தித் திறந்து, நிமிடங்களில் இறுகும் நீர்த்தடுப்பு சிமென்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் பீறிட்டால் அதுவும் நிற்காது, பாலியூரித்தேன் ஊசி (விரிந்து அடைக்கும் பிசினை அழுத்தத்தில் உள்ளே செலுத்துவது) போட வேண்டும். வாயு அளவி, ஊதுவிசிறி, ஆளைத் தூக்கும் முக்காலி, மீட்புக் கயிறு வைத்திருக்கும் பயிற்சி பெற்ற நிறுவனத்திடம்தான் இந்த வேலை.

குழாய்க்குள் கேமரா

இதைக் கடைசியாகச் செய்யுங்கள். முன்பே ஜெட்டிங் செய்து (அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி) குழாயைச் சுத்தமாக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றைத்தான் படம் எடுப்பீர்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரி அதிகாலையில் எடுத்தால்தான் கசிவு ஓடுவது தெரியும். கோடையில் எடுத்த படத்தில் விரிசல் மட்டும் தெரியும், தண்ணீர் தெரியாது.

ஒரு இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. அங்கே நுழைய முடியாத நீர் மண்ணுக்குள் உயர்ந்து அடுத்த இணைப்பில் நுழையும். மேன்ஹோலிலிருந்து மேன்ஹோல் வரை, இடையில் வந்து சேரும் வீட்டு இணைப்புகளோடு, ஒரு துண்டை முழுதாக முடிக்க வேண்டும். பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய், சிமென்ட் இணைப்பு, பக்கத்தில் அரசமரம் என்றால் ரப்பர் வளையம் உள்ள பிவிசிக்கு மாற்றுவதே மேல். மூடும் முன் இரு முனையிலும் அடைத்து நீர் நிரப்பி, அரை மணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மண் தள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் அடுத்த மழையில் மோட்டார் மணி நேரத்தையும், மழை விட்ட பின் அதிகாலை அளவையும் திரும்ப எடுங்கள். மழை நாள் எண் இறங்கி, அதிகாலை எண் அப்படியே இருந்தால் மாடிக் குழாய் வேலை பலித்திருக்கிறது, மண்ணுக்குள் குழாய்க் கசிவு மிச்சம் இருக்கிறது.