கடலோரத்துப் பழைய கார்: செலவு செய்வதில் நேரும் தவறுகள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய காருக்கு மெக்கானிக் முப்பதாயிரம் ரூபாய்ச் செலவு சொன்னதும், ‘விற்றாலே ஒரு லட்சம்தான் தேறும், அதற்குப் போய் இவ்வளவு செலவா?’ என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். முதல் தவறு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சந்தை விலை என்பது அந்த வண்டிக்கு இன்னொருவர் தரக்கூடிய பணம்; அந்த வண்டி இல்லாவிட்டால் உங்களுக்கு ஆகும் செலவு வேறு. புதுக் காருக்காக ஏழு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 14,500 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 1,74,000 ரூபாய். முப்பதாயிரம் ரூபாய்ப் பழுது என்பது அந்தத் தவணையில் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் இதையே சாக்காக வைத்துக்கொண்டு எல்லாப் பழுதுக்கும் தலையாட்டுவது இதற்கு நேர் எதிரான தவறு. இந்தச் செலவுக்குப் பிறகு வண்டி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி; கடலூரிலும் புதுச்சேரியிலும் அதற்கான விடையைச் சொல்வது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, தகரம்.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வீராம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற இடங்களில் நிற்கும் வண்டியின்மேல் உப்புக் காற்று ஆண்டு முழுவதும் படிகிறது. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். ஆனால் சஸ்பென்ஷன் பொருந்தும் இடமும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியும், அடித்தளமும் அரித்துப்போன பின் முழு வலிமையோடு மீட்டெடுப்பது மிகக் கடினம். எனவே இன்ஜின் வேலைக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன், வண்டியை லிஃப்டில் ஏற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பலர் செய்வது தலைகீழ்: இன்ஜினைப் புதிதுபோல ஆக்கிவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் காலடியில் தண்ணீர் ஊறும்போதுதான் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

துருவைக் கையாளும் முறையிலும் பிழைகள் உண்டு. துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை. வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது நட்டம். அடிப்பகுதிக்கு அடிக்கும் கறுப்புக் கோட்டிங்கும் அப்படித்தான்: நன்றாகக் கழுவி, உலர்த்தி, துருவை நீக்கிய பிறகு அடித்தால் பலன் தரும், இல்லையேல் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து அரிப்பை மறைக்கும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் இலைதழையால் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் காசு ஆவதில்லை, ஆனாலும் பார்ப்பவர்கள் குறைவு. உப்பு ஏறிய போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுவதும், மழையில் நனைந்த வண்டியின்மேல் உடனே தார்ப்பாய் போட்டு மூடுவதும், பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் தீங்குகள்.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, நகரத் தெருக்களிலும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தில் கடலூரின் தாழ்வான பகுதிகளிலும் வண்டிகள் நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவி போட்டுத் திருப்புவது, பழைய காருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது. வெள்ள நீர் நேரடியாக ஏற்படுத்திய சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் நீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்கு நேர்ந்த சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லி, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாத நிலையில், நிறுவனங்கள் மறுக்கின்றன. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச்சென்று, ஆயில்களைச் சோதித்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

இன்ஜினைக் கொல்லும் இன்னொரு பழக்கம், ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது. அவசரத்துக்கு வழியில் ஊற்றுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதையே நிரந்தரமாக்கினால், குறிப்பாக இந்தக் கடலோரத்து உப்புநீரில், உள்ளே சுண்ணாம்பு படிந்து, அலுமினியப் பாகங்கள் அரித்து, ஒரு கோடைப் பகலில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொடும். அப்போதும் ‘இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய ரேடியேட்டர் வேலை பல மடங்காகப் பெருகும். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன கூலன்ட்டைச் சுத்திகரித்த நீரில் கலந்து உரிய காலத்தில் மாற்றுவதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை பழைய காரில் வேறில்லை என்பது என் கருத்து.

ஓடிய தூரத்தை மட்டும் பார்த்துப் பராமரிப்பதும் தவறு. வாரம் ஒருமுறை பாகூர் வரை போய்வரும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது. ஆனால் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். மாருதி 800, சான்ட்ரோ போன்றவற்றின் இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை. அதை மாற்றுவதற்குத் தூரக் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (டயரின் தேயும் மேற்பரப்பு) நிறைய இருக்கிறது என்பதற்காகப் பத்தாண்டுப் பழைய டயரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் பிடிப்பது தற்கொலைக்கு ஒப்பானது.

ஏ.சி. விஷயத்தில் ஏமாறுவது எளிது. ஏ.சி. வாயு தானாகத் தீர்ந்துபோவதில்லை. அது ஏதோ ஓர் இடத்தில் கசிகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் கேஸ் அடித்துக்கொண்டே இருப்பவர், கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் செலவை ஆண்டுதோறும் தவணையில் கட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உதிரிபாகத்தில் இரண்டு அதீதங்கள் உண்டு. எல்லாமே கம்பெனிப் பொருளாக இருக்க வேண்டும் என்பவர் வீணாகச் செலவழிக்கிறார்; எல்லாவற்றையும் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பொருளாக வாங்குபவர் உயிரோடு விளையாடுகிறார். கதவு, விளக்கு, கண்ணாடி தூக்கும் மோட்டார் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், பெல்ட், பெட்ரோல் குழாய் ஆகியவை புதிதாகவே இருக்க வேண்டும். பெட்ரோல் குழாய்க்கு இப்போது கூடுதல் காரணம் உண்டு: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் விரைவில் தேயலாம், வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பதிவுச் சான்றைப் பொறுத்தவரை, 15 ஆண்டு முடிந்தால் வண்டி செத்துவிட்டது என்று நம்பி அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் பலர். பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசல் காருக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கு வந்தது. அது இங்கே பொருந்தாது. தகுதிச் சோதனையில் தேறினால் சொந்த உபயோகக் காரின் ஆர்.சி.யை ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். காலாவதியாவதற்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்த்தியது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயானது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். இவற்றைக் கணக்கில் சேர்க்காமல், 14ஆம் ஆண்டில் பெரிய வேலை செய்துவிட்டு அடுத்த ஆண்டு விழிப்பது நல்ல திட்டமிடல் அல்ல.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரிப் பதிவு கொண்ட பழைய காரை விலை குறைவு என்று கடலூர்க்காரர் வாங்குகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்றும், வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு வரியும் தேவை. பேரம் முடிந்த பிறகு இதைக் கேட்பவருக்கு, மலிவாகத் தோன்றிய பி.ஒய். 01 வண்டி, கடலூர்ப் பதிவான டி.என். 31 வண்டியின் விலையையே எட்டிவிடும்.

காப்பீட்டில் மிச்சம் பிடிப்பதற்காக மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் மாறுவதைப் புயல் வரும் இந்தக் கரையில் நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். அதே சமயம், பத்தாண்டு கடந்த வண்டிக்கு உலோகப் பாகங்களின் விலையிலும் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும் என்பதை அறிந்தே பிரீமியம் கட்ட வேண்டும். புதுப்பிக்காமல் 90 நாளைக் கடத்தினால், 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் கோரலின்மைச் சலுகையும் (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும்.

இத்தனை தொல்லைக்கு என்ன பலன் என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைமாசு விதி வருவதற்கு முந்தைய வண்டியைப் பெரும்பாலும் மஞ்சக்குப்பத்திலோ முதலியார்பேட்டையிலோ உள்ள சாதாரண ஒர்க்‌ஷாப்பிலேயே சரிசெய்துவிடலாம்; புதுச்சேரியின் குறுகிய தெருக்களில் ஒரு கீறல் விழுந்தால் மனம் பதறுவதில்லை; தவணையும் இல்லை. தவணை இல்லாத அந்த மாதங்களில் மூவாயிரம் ரூபாயாவது தனியாக ஒதுக்காமல் இருப்பதால்தான், ஒரு கிளட்ச் மாற்றுவதுகூடப் பேரிடியாகத் தெரிகிறது. எல்லா ரசீதுகளையும் ஒரு நோட்டில் ஒட்டிவைத்தால், இரண்டு ஆண்டுச் செலவின் போக்கு தானே தெரியும்.

அடித்தளம் அரித்துவிட்டது என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால், அதுவரை போட்ட பணத்தை நினைத்து மேலும் போடுவதை நிறுத்திவிட வேண்டும். அப்போதும் கடைசித் தவறு ஒன்று காத்திருக்கும்: காயலான் கடைக்காரரிடம் காசை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும்; ஓட்டுவதற்காக விற்றால் உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டு வழக்கில் பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.