சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா? வினைமுற்றை எண்ணுங்கள்

ஆங்கில வாக்கியத்தின் வகை சிம்பிளா (தனி), காம்பவுண்டா (கூட்டு), காம்ப்ளெக்ஸா (கலவை) என்று கேட்டால் பலர் அதன் நீளத்தைப் பார்க்கிறார்கள். நீளம் எதையும் சொல்லாது. பென்சிலை எடுத்து வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

‘பீயிங் இல், ஹி டிட் நாட் கம்.’ இதில் ‘பீயிங்’ காலம் காட்டாது; நம் வினையெச்சம் மாதிரி. ‘டிட் நாட் கம்’ மூன்று சொல்லானாலும் முற்று ஒன்றுதான். ஆகவே சிம்பிள்.

‘ஹி வாஸ் இல், ஸோ ஹி டிட் நாட் கம்.’ முற்று இரண்டு, இரு பக்கமும் தனியே நிற்கும். காம்பவுண்ட்.

‘ஆஸ் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கம்.’ இதிலும் முற்று இரண்டு. ஆனால் முதல் பாதியோடு நிறுத்திப் பாருங்கள், ‘சரி, அதனால?’ என்று கேட்கத் தோன்றும். ஒரு பகுதி இப்படித் தொங்கினால் காம்ப்ளெக்ஸ்.

தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘ஆஸ் ஹி வாஸ் இல்’ தமிழில் ‘உடம்பு சரியில்லாததால்’ ஆகிவிடும். முற்றே காணாமல் போகும்.

ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழு இணைப்புச் சொற்களும் காம்பவுண்டுக்கு உரியவை. ஆனால் பட்டியலை மட்டும் நம்பினால் சறுக்கும். ‘ராமு அண்ட் ராஜா லெஃப்ட்’ சிம்பிள்தான். ‘அண்ட்’ இங்கே இரண்டு பெயர்களைத்தான் சேர்க்கிறது. ‘ஆஃப்டர் லஞ்ச் ஹி லெஃப்ட்’ சிம்பிள், ‘ஆஃப்டர் ஹி ஏட், ஹி லெஃப்ட்’ காம்ப்ளெக்ஸ். ‘பிகாஸ்’ பின்னால் ‘ஆஃப்’ வந்தால் அடுத்து வருவது பெயர்ச்சொல், முற்று அல்ல. ‘ஐ நோ ஹி இஸ் ஹானஸ்ட்’ காம்ப்ளெக்ஸ், ‘தட்’ ஒளிந்திருக்கிறது. ‘வொர்க் ஹார்ட் ஆர் யூ வில் ஃபெயில்’ என்பதில் எழுவாய் இல்லையே என்று ‘வொர்க்’கை விட்டுவிடுவார்கள். அது ஏவல் வினைமுற்று, நம் ‘படி’ போல. எனவே காம்பவுண்ட்.

வாக்கிய வகை போக, அடுத்து இடியம். அது நம் மரபுத்தொடர் மாதிரி. ‘கைகழுவினான்’ என்றால் சோப்பைத் தேடமாட்டோம் அல்லவா? சோதனை எளிது: ஒரு சொல்லை மாற்றுங்கள். ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறுவது. ‘பீன்ஸ்’ இடத்தில் ‘ரைஸ்’ வைத்தால் சோறு கொட்டியது மட்டும் மிஞ்சும். சில இடங்களில் எழுவாய்தான் தீர்மானிக்கும்: முட்டை ‘இன் ஹாட் வாட்டர்’ என்றால் வெந்நீரில் கிடக்கிறது, மந்திரி என்றால் சிக்கலில் மாட்டியிருக்கிறார்.

தேர்வில் மதிப்பெண் போகும் இன்னொரு இடம் வினையின் வால், அதாவது வினைக்குப் பின்னால் ஒட்டி வரும் ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல். ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது, ‘புட் அவுட்’ தீயை அணைப்பது, ‘புட் அப் வித்’ சகித்துக்கொள்வது. வாலையும் சேர்த்தே அடிக்கோடிடுங்கள். எத்தனை சொல் இருந்தாலும் கணக்கில் ஒரு முற்றுதான்.